அத்தைக்குச் சேர வேண்டியது

ஹாபாய் தீவு
6 மார்ச் 1994

மதிப்பிற்குரிய எசெதா அத்தைக்கு,

உங்கள் தம்பி மானாசேயின் மகள் கலோலைனே எழுதுவது. ஆறு வருடமாக எழுதாதவள் இப்போது எழுதினால் ஏதோ வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றுவது சரிதான். சுற்றி வளைக்க என் உடம்பில் தெம்பில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மூன்று வருடமாக ரத்தப்போக்கு. மாதவிலக்கு வந்தால் நிற்பதில்லை. நின்றது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கட்டி கட்டியாக விழுகிறது. மழைத்தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கி வந்தால் கண் இருட்டுகிறது. கோயிலுக்குக் கறுப்புத் துணி தவிர வேறு கட்டிப் போவதில்லை.

போன மாதம் தலைநகரிலிருந்து டாக்டர் வைபுலு விமானத்தில் வந்திருந்தார். படுக்கச் சொல்லி வயிற்றைத் தொட்டதும், "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார். நாற்பத்தொரு வயதில் அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் என்ன செய்வேன்? அழுதுவிட்டேன். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. பாவம், அவரும் கலங்கிப் போய்விட்டார். உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"கர்ப்பப்பைங்கறது சும்மா ஒரு கொய்யாப்பழ அளவுதாம்மா. தலைகீழாத் தொங்குற கொய்யா. காம்புப் பக்கம் கீழ, அதுதான் வாய். மேல ரெண்டு பக்கமும் ரெண்டு குழாய், அது முனைகிட்ட முட்டைப்பை. முன்னால மூத்திரப்பை மேல லேசா சாய்ஞ்சு படுத்திருக்கும். உன்னோடது கொய்யாவா இல்ல, ஈரப்பலாவா ஆயிடுச்சு. அதான் நான் ஏமாந்துட்டேன்."

அதற்கு மூன்று அடுக்காம் அத்தை. வெளியே மெல்லிய போர்வை. நடுவில் கெட்டியான தசை, பிள்ளையை வெளியே தள்ளுவது அதுதான். உள்ளே மிருதுவான சவ்வு. அவர் சொல்லச் சொல்ல எனக்கு நம் வீட்டுப் பாய்தான் ஞாபகம் வந்தது. விருந்தாளி வரப்போகிறார் என்று மாதாமாதம் உள்ளே பாய் விரிக்கிறது. வரவில்லை என்றால் சுருட்டி வெளியே போடுகிறது. அந்தச் சுருட்டிப் போடுவதுதான் மாதவிலக்கு. எனக்கு நடுத்தசையில் நார்க்கட்டிகள் முளைத்திருக்கின்றன. புற்றுநோய் இல்லை, பயப்படாதே என்றார். ஆனால் கட்டிகள் அமுக்குவதால் தசை ஒழுங்காகச் சுருங்கி ரத்தத்தை நிறுத்த முடியவில்லையாம். கட்டிகளை மட்டும் எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். பையையே எடுத்துவிட வேண்டும், தலைநகருக்கு வா என்கிறார்.

அத்தை, டாக்டருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். அப்பா இறந்தபோது நீங்கள் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பிப் போனீர்கள். அதற்கு அடுத்த வருடம் எனக்குத் தங்கிய பிள்ளை நான்காம் மாதத்தில் கலைந்தது. பிறகு ஒன்றும் தங்கவில்லை. பிறகு இந்த ரத்தம். அப்பாவின் கூடப்பிறந்தவள் மனம் நொந்தால் தம்பி பிள்ளைகளின் வயிறு திறக்காது என்பது நம் தீவில் யாருக்குத் தெரியாது?

என் வயிற்றின் மேலிருந்து உங்கள் கையை எடுத்துவிடுங்கள் அத்தை. "மன்னித்தேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். கட்டிகள் தானாக வற்றிவிடும். அதுவரை நான் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இல்லை.

என் வீட்டுக்காரர் பௌலியாசி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

உங்கள்
கலோலைனே


மாங்கெரே, ஆக்லாந்து
2 ஏப்ரல் 1994

கலோலைனே,

உன் கடிதம் வந்த அன்று முதியோர் இல்லத்தில் துவைக்கிற மெஷின் ஒன்று நின்றுபோய், பாதிப் படுக்கை விரிப்புகளைக் கையால் அலசிவிட்டு வந்தேன். தோள்பட்டை கழன்று கீழே விழாததுதான் மிச்சம். கதவு இடுக்கில் உன் கையெழுத்து. என் தம்பி மகள் எழுதியிருக்கிறாள் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தேன். உள்ளே என்னைச் சூனியக்காரி என்று எழுதியிருக்கிறாய்.

மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாய். அதுதான் இன்னும் எரிகிறது.

நான் உன்னைச் சபிக்கவில்லை. அன்று என்ன நடந்தது என்று உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். தந்தி வந்த அன்றே கிளம்பினேன். தலைநகர் வந்தால், கடல் சரியில்லை என்று கப்பலைக் கட்டிப்போட்டிருந்தார்கள். துறைமுகக் கிடங்கில் கொப்பரை மூட்டைகளோடு நானும் ஒரு மூட்டையாகக் கிடந்தேன். ஊர் வந்து இறங்கினால் குழியை மூடி, மேலே வெள்ளை மணலும் பரப்பி முடித்துவிட்டீர்கள். என் தம்பியின் தலைமாட்டில் ஃபாஹுவாக உட்கார வேண்டியவள் நான். செத்தவனின் சகோதரிக்கு மேலே அந்த வீட்டில் அன்றைக்கு ராஜாவும் கிடையாது. வீட்டுக்குள் போனால் என் இடத்தில் வைசிலிவா உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா பேத்தி! எனக்கு மரியாதையாக வர வேண்டிய பாயை மடியில் போட்டுக்கொண்டு கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பனைப் பறிகொடுத்த மகளின் கூந்தலை அத்தை வெட்ட வேண்டும் என்பதற்காக இங்கிருந்து புதுக் கத்தரிக்கோல் வாங்கி வந்திருந்தேன். அதைப் பையை விட்டு எடுக்கவே இல்லை.

அன்றைக்கு ஒரு வார்த்தை பேசினேனா? யாரையாவது ஏசினேனா? பேசாமல் திரும்பி அதே கப்பலில் ஏறினேன். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கலாம். சொல்லாத சொல்லை நான் எப்படித் திருப்பி வாங்குவது, நீயே சொல். "மன்னித்தேன்" என்று எழுதினால் "நான்தான் செய்தேன்" என்று கையெழுத்துப் போட்டுத் தருகிற மாதிரி. மாட்டேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. எனக்கும் இதே கட்டி இருந்தது தெரியுமா? யாருக்கும் சொல்லவில்லை, உன் அப்பனுக்குக்கூட. நாற்பத்தாறு வயதில் இங்கே பையை எடுத்தார்கள். என் அப்பாவின் தங்கை என்னை இடுப்பை விட்டு இறக்கியதில்லை. அப்படியென்றால் என்னைச் சபித்தது யார்? நர்ஸைக் கேட்டேன். "உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?" என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள். ரத்தத்தோடு வருவதாம். ஆக, என்னிடமிருந்து உனக்கு ஏதாவது வந்திருந்தால் அது மானாசே வழி வந்த ரத்தம், சாபம் இல்லை.

இங்கே நான் துணி துவைக்கிற வெள்ளைக்காரக் கிழவிகளில் பாதிப் பேருக்கு அடிவயிற்றில் தழும்பு இருக்கிறது. ஒருத்திக்குப் பிள்ளை பெற்றுப் பெற்றுப் பை சரிந்து கீழே இறங்கிவிட்டது, வளையம் வைத்துத் தாங்கியிருக்கிறார்கள். மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து ஒருத்திக்குச் சொட்டு ரத்தம் பட்டது. சும்மா விட்டிருந்தால் புற்றுநோய் தின்றிருக்கும், சீக்கிரம் காட்டியதால் பிழைத்தாள். என்னோடு வேலை செய்கிற பெண்ணுக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியே குடலோரம் முளைத்திருக்கிறது. மாதம் பிறந்தால் மெஷின் மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டு கத்துகிறாள். அந்தக் கிழவிகளுக்கெல்லாம் அத்தை பெயர்கூடத் தெரியாது. அவர்களை எந்த அத்தை சபித்தாள்?

டாக்டர் சொன்னதைக் கேள். தலைநகருக்குப் போ.

எசெதா


ஹாபாய்
9 மே 1994

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நீங்கள் கோபமாக எழுதியிருந்தாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்தது நன்றாக இருந்தது. உங்களுக்கும் இந்தக் கட்டி இருந்தது என்பது எனக்குப் புதிது. ஆனால் உங்களுக்கு அதற்குள் இரண்டு பையன்கள் பிறந்துவிட்டார்கள் அத்தை. பாத்திரம் பயன்பட்ட பிறகு உடைவதும் பயன்படாமலே உடைவதும் ஒன்றா?

அப்பாவை ஏன் உங்களுக்காக வைத்திருக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நேராகக் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் கேட்கிறீர்கள். அது என்ன வெயில் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே பனிக்கட்டி வைத்த அறையா இருக்கிறது? மூன்றாம் நாள் நாற்றம் எடுக்க ஆரம்பித்தது. என் அப்பாவை ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு வழியனுப்ப வேண்டாம் என்று பாதிரியார் கைகூப்பினார். தலைமாட்டை வெறுமையாக விட முடியாது, யாராவது உட்காரத்தான் வேண்டும் என்றார்கள். வைசிலிவா அக்கா முன்னால் நின்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன் அத்தை. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை.

என் கூந்தலை வெட்ட அவள் கத்தரிக்கோலை எடுத்தபோது மட்டும் கையைப் பிடித்துத் தடுத்தேன். "அது எங்க அத்தை வேலை" என்றேன். அன்றிலிருந்து வெட்டாமல்தான் இருக்கிறது, இப்போது தொடையைத் தொடுகிறது. அதை அலசிக் காயவைக்கும்போதே களைத்துப் போகிறேன்.

போன வாரம் ஒன்று நடந்தது. யாரிடமும் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன். நாங்கள் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தாழை முடைகிறோம். ஆசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்கு மெல்லிய பாய், ஒரு வருட வேலை. வரிசையாக உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்தோம். எழுந்தபோதுதான் தெரிந்தது, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் பாய் சிவந்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். மூத்தவள் மட்டும் என் பக்கம் வந்து, நனைந்த ஓலைகளை ஒவ்வொன்றாக உருவி, அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வந்து, "புது ஓலை எடுங்கடி" என்றாள். அவ்வளவுதான். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாளிலிருந்து முடையப் போகவில்லை.

டாக்டர் நாள் குறித்து அனுப்பியிருந்தார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மாதவிலக்கு முழுதாக நிற்கிற வயது வந்தால் கட்டிகள் தானே சுருங்கும் என்று அவரே சொன்னாரே என்று பௌலியாசியிடம் சாக்குச் சொன்னேன். பௌலியாசி மீன்வலையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். "அதுவரைக்கும் உன் உடம்புல ரத்தம் இருக்கணும்ல? அதையும்தானே டாக்டர் சொன்னாரு? உங்க அத்தைக்கும் உனக்கும் நடுவுல நான் பொண்டாட்டியைத் தொலைச்சிட்டு நிக்கணுமா?"

அவருக்குப் புரியவில்லை. பை இருக்கும்வரை நீங்கள் கையை எடுத்தால் ஏதாவது நடக்கலாம். அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டால், அப்புறம் நீங்கள் மன்னித்தாலும் அந்த மன்னிப்பு எங்கே போய் இறங்கும்?

ஒரு வரிதானே அத்தை.

கலோலைனே


ஆக்லாந்து
11 ஜூன் 1994

கலோ,

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை, உள்ளே வைத்துக்கொள்ளப் பெரிய பஞ்சு அட்டைகள், இரண்டு கறுப்புப் பாவாடை. மாத்திரையைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்கும் என் தலையில் பழி போடாதே.

முடைகிற இடத்தில் நடந்ததைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த சேம்பைக் கருக விட்டுவிட்டேன். எனக்கும் அது நடந்தது, கோயிலில், பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது. பாவாடைக்கு மேல் கட்டியிருந்த இடுப்புப் பாயை இறுகச் சுற்றிக்கொண்டு பாட்டு முடிந்தும் உட்கார்ந்தே இருந்தேன், கோயில் காலியாகும்வரை.

கூந்தல் விஷயம் எனக்குத் தெரியாது. வைசிலிவா வெட்டியிருப்பாள் என்றே நினைத்திருந்தேன்.

இப்போது சொல்கிறேன், கேள். நீ கேட்ட ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். ரோஷம் என்று நினைத்துக்கொள்ளாதே. ரோஷம் உன் போன கடிதத்தோடு போய்விட்டது. பயம்தான்.

நான் எழுதிக் கட்டி வற்றவில்லை என்றால், அத்தை மனசார எழுதவில்லை என்று நீ இன்னும் ஆறு மாதம் உட்கார்ந்திருப்பாய். அதற்குள் செத்துப்போவாய். சரி, வற்றிவிட்டது என்று வை. அப்போது நான் யார்? என் தம்பி பேரனை வயிற்றிலேயே கொன்றவள். இந்த வயதில் அதைத் தெரிந்துகொண்டு நான் எப்படித் தூங்குவேன்? சாபம் கீபம் ஒன்றும் இல்லை என்று பகலில் எனக்கு நன்றாகத் தெரிகிறது. உனக்கு ஒரு பக்கம் முழுக்க வாதாடியும் எழுதினேன். ஆனால் நானும் அந்தத் தீவில் பிறந்தவள்தானே. அன்று கப்பலில் ஏறும்போது என் நெஞ்சு எவ்வளவு கனத்தது என்று எனக்குத்தான் தெரியும். மனசுக்கு வாய் இருக்கிறதா இல்லையா என்று யாரைப் போய்க் கேட்பது?

இங்குள்ள பாதிரியார் மனைவியைக் கேட்டேன். ஜெபம் பண்ணுங்கள் என்றாள். ஜெபம் பண்ணத் தெரியாமலா அவளைக் கேட்டேன்?

ஆபரேஷனுக்குப் போ கலோ. உன்னைக் கெஞ்சுகிறேன். அத்தை கெஞ்சக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

எசெதா


ஹாபாய்
20 ஜூலை 1994

அத்தைக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது இங்குள்ள சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். பௌலியாசியின் ரத்தமும் பாதிரியாரின் ரத்தமும் ஏற்றினார்களாம். பாதிரியார் ரத்தம் ஏறியதிலிருந்து எனக்குப் பொய் சொல்ல வரவில்லை என்று பௌலியாசி கேலி செய்கிறார். சிரித்தால் மூச்சு வாங்குகிறது.

உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லையாம். இப்படியே போனால் கட்டியால் இல்லை, இதயம் களைத்துப்போய்ச் சாவேன் என்று நர்ஸ் சொன்னாள். டாக்டர் வைபுலு வயர்லெஸ்ஸில் பேசினார். அடுத்த கப்பலில் ஏற்றிவிடச் சொன்னாராம். அந்தக் கப்பல் நேற்று போய்விட்டது. நான் ஏறவில்லை.

பொய் வரவில்லை என்பதால் நிஜத்தைச் சொல்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் அத்தை. நீங்கள் பயந்தேன் என்று எழுதியதைப் படித்து முதலில் அழுதேன், பிறகு கோபம் வந்தது. எனக்கு உயிர் போகிறது, உங்களுக்குத் தூக்கம் போய்விடுமே என்று கவலை. உங்கள் பெயர் கெடாமல் இருக்க நான் ரத்தமாகக் கொட்டித் தீர வேண்டும்.

இதை எழுதியதற்கு இன்னொரு சாபம் வந்தால் வரட்டும். இனி அது வந்து இறங்க என்னிடம் இடமில்லை.

ஆபரேஷனுக்குப் போகச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். பிடிவாதம் இல்லை. உங்களோடு எல்லாம் சரியாகாமல் அந்தக் கத்திக்குக் கீழே போய்ப் படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான். இதற்குமேல் விளக்க முடியவில்லை, களைப்பாக இருக்கிறது.

இனி எழுதமாட்டேன். உங்களையும் எதுவும் கேட்கமாட்டேன்.

கலோலைனே


ஆக்லாந்து
3 ஆகஸ்ட் 1994

கலோலைனே,

நீ கேட்கமாட்டாய் அல்லவா? நல்லது. இனி நான் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டு படிக்காதே. பௌலியாசியைத் தூக்கி உட்காரவைக்கச் சொல். இதை எழுதுவது ஆக்லாந்தில் அழுக்குத் துணி துவைக்கிற எசெதா இல்லை. உன் அப்பன் மானாசேயின் மூத்த சகோதரி. உன் ஃபாஹு.

என் உரிமை என்ன என்று உனக்குத் தெரியும். தம்பி வீட்டில் நான் கை வைத்தது என்னுடையது. பன்றியைக் கேட்டால் பன்றி, பாயைக் கேட்டால் பாய். உன் தோட்டத்து வள்ளிக்கிழங்கை உன்னைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டு போகலாம், நீ சிரித்துக்கொண்டு கூடை எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லை என்ற சொல் உன் வாயில் வரக்கூடாது. என் அத்தை என் பள்ளிக்கூடச் சட்டையைக்கூட எடுத்துக்கொண்டு போனாள். நான் மூச்சு விட்டேனா? நீ பிறந்ததிலிருந்து நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கல்யாணத்தில்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சின்னப்பிள்ளைகள், இருக்கட்டும் என்று விட்டேன். உன் அப்பன் சாவில் எனக்கு வர வேண்டியதும் வேறொருத்தி மடிக்குப் போய்விட்டது.

இப்போது கேட்கிறேன். உன் வயிற்றில் இருக்கிறதே, கொய்யாவாக இருக்க வேண்டியது ஈரப்பலாவாக இருக்கிறது என்றாயே, அது எனக்கு வேண்டும். கட்டியோடு சேர்த்து முழுதாக வேண்டும். உன் ஃபாஹு கேட்கிறாள், கொடு.

அது கெட்டுப்போனது என்று சாக்குச் சொல்லாதே. நல்லதா கெட்டதா என்று பார்ப்பது வாங்குகிறவள் பாடு. அது உன்னுடையது என்றும் இனிமேல் சொல்லாதே. நீ இந்த வரியைப் படித்த நிமிடத்திலிருந்து அது என்னுடையது. சாபம் அதற்குள் இருக்கிறது என்று நீ நினைத்தால், சாபத்தோடு எடுத்துக்கொள்கிறேன். இல்லை என்றால் சாபம் இல்லாமல் எடுத்துக்கொள்கிறேன். இருந்ததா இல்லையா என்று இனி நாம் இருவரும் தேட வேண்டாம். அது யார் பங்கோ அவள் பாடு. இவ்வளவு நாள் நீ சுமந்தது போதும்டி என் கண்ணே, உனக்கு முதுகு ஒடிகிறது.

அதை எடுத்துத் தர எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. அதனால் டாக்டர் வைபுலுவை என் கையாக அனுப்புகிறேன். அவர் உன் வயிற்றில் கை வைத்தால் நான் வைத்ததாக அர்த்தம். போய்ப் படு. படுக்கும்போது என் பெயரைச் சொல்லிப் படு.

மாட்டேன் என்று சொல்லிப் பார். அப்போது தெரியும், நிஜமாகவே சபிக்கிற அத்தை எப்படி இருப்பாள் என்று.

அடுத்த கப்பல்.

எசெதா


தலைநகர்
4 செப்டம்பர் 1994

என் அத்தைக்கு,

கேட்டதைக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பௌலியாசிதான் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், என் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கப்பலில் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக வயிறு கனக்கவில்லை. கனம் அப்படியேதான் இருந்தது, ஆனால் வேறு யாருடைய சாமானையோ கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்ற மாதிரி இருந்தது.

இங்கே மறுபடி இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். முந்தின நாள் டாக்டர் வந்து, சம்மதமா என்று கேட்டார். "என் சம்மதம் எதுக்கு டாக்டர்? அது எங்க அத்தையோடது. அவங்க கேட்டுட்டாங்க, நான் குடுக்கறேன்" என்றேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்கும் அப்பா கூடப்பிறந்தவர்கள் இருப்பார்கள்தானே. "அத்தை கேட்டா அப்புறம் நாம யாரு பேசறதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

மயக்க மருந்து கொடுக்கும்போது உங்கள் பெயரைச் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டேன், "எசெ" வரைதான் வந்தது. அது போதுமா?

முட்டைப்பைகள் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார், அதனால் உடனே கிழவியாகிவிட மாட்டேனாம். தையல் இழுக்கிறது. இருமினால் உயிர் போகிறது. ஆனால் காலையில் எழுந்து விரிப்பைப் பார்த்தேன் அத்தை, வெள்ளையாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அழுதேன். எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. வராமல் போன பிள்ளைக்காகவும் இருக்கலாம்.

இப்போது ஒரு விஷயம். டாக்டர் அதில் ஒரு துண்டைச் சோதனைக்கு வெட்டி வைத்துக்கொண்டார், கெட்டது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். மீதியை என்ன செய்வது என்று கேட்டார். "அது உடையவங்ககிட்டதானே கேக்கணும்" என்று பௌலியாசி சொல்லிவிட்டார். மருந்துத் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட வாளியில் வைத்துத் தந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் ஊருக்குக் கொண்டுபோகிறோம். அப்பாவின் காலடியில் இடம் இருக்கிறது. அங்கே வைக்கலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் சரி என்றால்.

முடைகிற பெண்களுக்குச் சேதி அனுப்பினேன். சுற்றி வைக்க ஒரு சின்னப் பாய் முடைகிறார்கள். தலைமாட்டில் யார் உட்காருவது என்று கேட்டார்களாம். வைசிலிவா அக்கா தானே முன்வந்து, "எனக்கு வேணாம்ப்பா அந்த எடம், ஒரு தடவ ஒக்காந்து பட்டது போதும்" என்றாளாம்.

அந்த இடம் காலியாக இருக்கிறது அத்தை. அப்பாவை வைத்திருந்தபோது வெயில் பொறுக்கவில்லை. இது பொறுக்கும், மருந்துத் தண்ணீரில் எத்தனை நாள் வேண்டுமானாலும் கெடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடல் சீறட்டும், கப்பல் நிற்கட்டும், நீங்கள் கிடங்கில் மூட்டையோடு கிடக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. இந்தத் தடவை நீங்கள் வராமல் ஒரு பிடி மண் தள்ளமாட்டோம்.

அந்தக் கத்தரிக்கோலை எடுத்து வாருங்கள்.

உங்கள் தம்பி மகள்
கலோலைனே